பல்லு வெடிச்சிட்டு, கையில இருக்கிறது 20,000 – கழட்டுறதா, காப்பாத்துறதா?

பாலையூற்றுப் பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். பல்லு விசயத்தில அனுபவம் உள்ள ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ, பெரிய உதவியா இருக்கும். வலது பக்கம் கீழ ஒரு கொடுப்புப் பல்லு, பள்ளிக்கூடக் காலத்தில வெள்ளி வச்சு அடைச்சது, நல்ல பெரிய அடைப்பு. புழுக்கொடியல் கடிக்கேக்க டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டது, அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தால சோறு கூட ஒழுங்கா சப்பேலாம இருக்கு. கடிக்கேக்க பெரிசா ஒண்டும் இல்ல, கடிச்சிட்டு வாயத் திறக்கேக்கதான் சுரீரெண்டு குத்துது. குளிர் தண்ணி பட்டா கூசுது ஆனா உடன நிண்டிரும். இரவில நித்திரை குழம்புற அளவுக்கு இன்னும் வலி வரேல்ல. கண்ணாடியில பாத்தா துண்டு ஒண்டும் உடைஞ்சு விழேல்ல, ஒரு கோடு மாதிரியும் எனக்குத் தெரியேல்ல.

டவுனுக்க ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனன். எக்ஸ்ரே எடுத்திட்டு படத்தில வெடிப்பு தெரியேல்ல, ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா வெடிப்புத்தான், ரூட் கனால் (பல்லுக்குள்ள உள்ள நரம்ப எடுத்திட்டு அடைக்கிறது) செய்து க்ரவுன் (பல்லுக்கு மேல போடுற தொப்பி) போடுங்கோ, ரெண்டும் சேத்து 65,000 வரும் எண்டார். இன்னொரு இடத்தில கேட்டா கழட்டிவிடுங்கோ 3,000 தான் எண்டு ரெண்டு நிமிசத்தில சொல்லிட்டாங்க. கையில 20,000 இருக்கு, சீட்டு விழ தை மாசம் ஆகும். உடுப்புக் கடையில வேலை, வீட்டு வாடகையும் தம்பியின்ட படிப்புச் செலவும் என்ட தலையிலதான். 65,000க்கும் 3,000க்கும் நடுவில வேற வழியே இல்லையா? நகைய அடகு வச்சு செய்யவா எண்டு அம்மா கேக்கிறா, எனக்கு மனம் வரேல்ல.

உப்புவெளி ராசன்:
தங்கச்சி, கழட்டிவிட்டிட்டு நிம்மதியா இருங்கோ. எனக்கு மேல ரெண்டு, கீழ ஒண்டு இல்ல, நண்டு கால் கூட மற்றப் பக்கத்தால கடிச்சுத்தான் சாப்பிடுறன், ஒரு குறையும் இல்ல. பெரியாஸ்பத்திரியில துண்டு போட்டா சல்லிக்காசு இல்லாம கழட்டிவிடுவாங்க, அந்த 3,000 கூட செலவில்ல. ஒரு பல்லுக்காக நகைய அடகு வைக்கிறது எண்டா நான் ஒத்துக்கொள்ளவே மாட்டன். வட்டி கட்டி முடிக்கேக்க பல்லும் போயிரும் நகையும் போயிரும், இப்பிடி ரெண்டு மூண்டு குடும்பத்த நான் கண்ணால கண்டிருக்கிறன்.

ஹாபர் காத்து:
ராசன் அண்ணா சொல்ற நகை விசயம் சரி, கழட்டுற விசயம் அவசரம். பிள்ளை, உங்கட வயசு என்ன எண்டு சொல்லேல்ல, ஆனா கடையில வேலை, தம்பி படிக்கிறான் எண்டா முப்பதுக்குள்ளதான் இருக்கும் எண்டு நினைக்கிறன். இன்னும் நாப்பது அம்பது வருசம் சப்போணும். கீழ எந்தப் பல்லு எண்டு சொல்லுங்கோ, கடைசிப் பல்லா அல்லது அதுக்கு முன்னால உள்ளதா? அது பெரிய வித்தியாசம். முதலாவது கொடுப்புப் பல்லுத்தான் சாப்பாட்டில பெரும் பாரத்தத் தாங்குறது, அது ஆறு வயசு அளவில முளைக்கிறது, அதாலதான் சின்ன வயசிலயே சூத்தை வந்து அடைக்கிறதும் அந்தப் பல்லாத்தான் இருக்கும்.

இன்னொண்டும் கேக்கோணும். குளிர் பட்டா எவ்வளவு நேரம் கூசுது? சூடு பட்டா வலிக்குதா? படுத்தா விண் விண்ணெண்டு இடிக்குதா? இத மூண்டையும் சொன்னாத்தான் ரூட் கனால் தேவையா இல்லையா எண்டதையே கதைக்கலாம்.

பாலையூற்றுப் பிள்ளை:
28 வயசு அக்கா / அண்ணா. கடைசிப் பல்லு இல்ல, அதுக்குப் பின்னால இன்னொரு பல்லு நல்லா இருக்கு. குளிர் தண்ணி பட்டா ரெண்டு மூண்டு செக்கன் கூசி நிண்டிரும். சூடா தேத்தண்ணி குடிச்சா ஒண்டும் இல்ல. படுத்தாலும் இல்ல. கடிச்சு விடேக்க மட்டும்தான்.

கிண்ணியா நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்கட உம்மாட கதையச் சொல்றன் தங்கச்சி, கழட்டச் சொல்லியும் சொல்லல்ல, செலவழிக்கச் சொல்லியும் சொல்லல்ல, ஆனா ஒரு விசயம் தெரிஞ்சிருக்கட்டும். உம்மாக்கு ஒரு தனியார் இடத்தில ரூட் கனால் செஞ்சாங்க, காசு பத்தாததால க்ரவுன் பிறகு போடலாம் எண்டு விட்டாங்க, பல்லு வலி நிண்டதும் வீட்டில எல்லாருக்கும் அந்த க்ரவுன் மறந்து போச்சு. ஒரு நாள் இறைச்சி கடிக்கக்குள்ள பல்லு நடுவால ரெண்டாப் பிளந்திட்டு, ஒரு பக்கம் ஆடுது, முரசும் வீங்கிட்டு. கிண்ணியா ஆஸ்பத்திரியில காட்டின, இனி இத வச்சிருக்க ஏலா எண்டு நல்ல அமைதியாக் கழட்டித் தந்தாங்க, ஒரு சதம் செலவு இல்ல. ஆனா ரூட் கனாலுக்குக் குடுத்த காசு போனது போனதுதான். அதால பாதி வேலை மட்டும் செய்யிற அளவுக்குக் காசு இருந்தா, எந்தப் பாதி எண்டு டொக்டரிட்ட கேட்டிட்டுத் தொடங்குங்க.

சாம்பல்தீவு அக்கா:
பிள்ளை, டொக்டரிட்ட போற வரைக்கும் கராம்பு எண்ணெய் பஞ்சில நனைச்சு வைங்கோ, எங்கட வீட்டில எல்லாருக்கும் அதுதான். உப்புத் தண்ணியால கொப்பளியுங்கோ. பாமசியில கேட்டா அமொக்சிசிலின் தருவாங்க, என்ட மூத்தவனுக்கு அத ரெண்டு நாள் போட்டதும் பல்லு வலி குறைஞ்சது.

வெள்ளைமணல்:
நான் பல் வைத்தியர். ஊர் திருமலை, வேலை வேற மாவட்டத்தில. வாயப் பாக்காம இன்னதுதான் எண்டு நான் சொல்ல மாட்டன், சொல்லவும் கூடாது. ஆனா பிள்ளை எழுதின அறிகுறிகள் வெடிச்ச பல்லுக்கே உரிய அறிகுறிகள், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

கடிச்சு விடேக்க குத்துறது ஏன் எண்டா, கடிக்கேக்க வெடிப்பின்ட ரெண்டு பக்கமும் கொஞ்சம் விரியும், விடேக்க டக்கெண்டு திரும்பி வந்து சேரும், அந்த நேரம் பல்லுக்குள்ள உள்ள நுண்குழாய்களில இருக்கிற நீர் அசைஞ்சு நரம்பத் தூண்டும். இதுக்கு வெடித்த பல் நோய்க்குறி எண்டு கமரன் எண்டவர் 1964 ல பேர் வச்சார். பெரிய வெள்ளி அடைப்பு உள்ள கீழ்ப் பல்லில இது நிறைய வரும், ஏனெண்டா அடைப்பச் சுத்தி மிஞ்சி நிக்கிற பல்லுச் சுவர் மெல்லிசா இருக்கும், கடினமானதக் கடிக்கேக்க அந்த அடைப்பு விறகுக்குள்ள அடிச்ச ஆப்பு மாதிரி வேலை செய்யும். புழுக்கொடியல், கொட்டைப்பாக்கு, நண்டுக் கால், ஐஸ் கட்டி எல்லாம் ஒரே கணக்குத்தான்.

எக்ஸ்ரேயில தெரியாதது டொக்டரின்ட குறை இல்ல. வெடிப்பு பெரும்பாலும் முன்னுக்கும் பின்னுக்குமா ஓடும், படத்தின்ட தளமும் அதே திசையிலதான் இருக்கும், அதால கோடு விழாது. ஆனாலும் எக்ஸ்ரே வீண் இல்ல, வேரச் சுத்தி எலும்பு கரைஞ்சிருக்கா எண்டு பாக்க அது வேணும். வெடிப்பக் கண்டுபிடிக்கிறது வேற வழியால: பல்லின்ட சப்புற பக்கத்தில மேடா நிக்கிற ஒவ்வொரு முனையிலயும் தனித்தனியா ஒரு சின்னக் குச்சிய வச்சுக் கடிக்க வைக்கிறது, பக்கத்தால பிரகாசமான லைட் அடிச்சுப் பாக்கிறது, வெடிப்பு உள்ள இடத்தில வெளிச்சம் நிண்டிரும். பிறகு குளிர் வச்சு நரம்பு எப்பிடி இருக்கு எண்டு பாக்கிறது. முரசச் சுத்தி அளவுக்குச்சி விட்டுப் பாக்கிறது, மற்ற இடமெல்லாம் சாதாரணமா இருந்து ஒரே ஒரு இடத்தில மட்டும் குச்சி ஆழமா இறங்கினா வெடிப்பு வேர் வரைக்கும் போயிட்டு எண்டு சந்தேகப்படோணும். கடைசியா, பழைய அடைப்பக் கழட்டிட்டு உள்ளுக்குப் பாக்கிறது. நிறையத் தடவை அங்கதான் கோடு தெளிவாத் தெரியும், நீலச் சாயம் பூசினா இன்னும் நல்லாத் தெரியும். இதெல்லாம் விலை கூடின சோதனை இல்ல, உங்களுக்கு இதெல்லாம் செய்தாங்களா?

வெடிப்பு எண்டு பொதுவாச் சொன்னாலும் எல்லாம் ஒண்டில்ல. மேல் எனாமலில மட்டும் மெல்லிய கோடு, அது பெரியாக்கள் எல்லாருக்கும் இருக்கும், வைத்தியம் தேவையில்ல. ஒரு முனை மட்டும் உடையிறது, அது சுலபமாச் சரிப்படுத்தலாம். மேலால தொடங்கி வேர்ப் பக்கம் இறங்கிற ஆனா இன்னும் பிளக்காத வெடிப்பு, உங்களுக்கு இதுவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். அடுத்தது பல்லு ரெண்டா அசையிற பிளவு, கிண்ணியா நானாவின்ட உம்மாவுக்கு நடந்தது. கடைசி வகை, வேரில இருந்தே தொடங்கிற நிலைக்குத்து முறிவு, அது பெரும்பாலும் ஏற்கனவே ரூட் கனால் செய்த பல்லில. கடைசி ரெண்டுக்கும் காசு கொட்டுறதில அர்த்தமில்ல, கொடுப்புப் பல்லெண்டா பெரும்பாலும் கழட்டத்தான் வேணும். மூண்டாவதுக்குத்தான் நாங்க போராடோணும்.

அந்த மூண்டாவதில ரூட் கனால் தேவையா எண்டத வெடிப்பு தீர்மானிக்கிறதில்ல, நரம்பின்ட நிலைதான் தீர்மானிக்கும். குளிர் பட்டு உடன நிக்கிற கூச்சம் எண்டா நரம்பு இன்னும் மீளக்கூடிய நிலையில இருக்கு எண்டு எடுப்பம். சூட்டுக்கு வலி, நிமிசக்கணக்கில நிண்டு வலிக்கிறது, தானா இரவில எழுப்புற வலி இதெல்லாம் வந்தா நரம்பு மீளாது, அப்ப ரூட் கனால் அல்லது கழட்டுறது. 2007 ல கிரெல், ரிவேரா எண்ட ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வில இப்பிடி மீளக்கூடிய நிலையில இருந்த 127 வெடிச்ச பல்லுக்கு நேரடியா க்ரவுன் போட்டுப் பாத்தாங்க, 21 வீதத்துக்குத்தான் பிறகு ரூட் கனால் தேவைப்பட்டது, அதுவும் ஆறு மாசத்துக்குள்ள. அதாவது அஞ்சில நாலு பல்லு ரூட் கனால் இல்லாமலே தப்பினது. உங்கட 65,000 ல கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு கேள்வியில நிக்குது.

இனி காசு. நான் உங்கட இடத்தில இருந்தா படிப்படியாப் போவன். முதல் படி, பழைய அடைப்பக் கழட்டி உள்ளுக்குப் பாத்து, எதிர்ப் பல்லு அந்த இடத்தில அழுத்தாம கொஞ்சம் தேய்ச்சு, பல்லச் சுத்தி ஒரு உலோகப் பட்டி ஒட்டிவிடுறது. பல்லுக்குக் கம்பி போடேக்க பின் பல்லுக்குப் போடுற அதே பட்டிதான், விலை குறைவு. அது வெடிப்ப இறுக்கிப் பிடிக்கும். ரெண்டு மூண்டு கிழமையில வலி போயிட்டா வெடிப்புத்தான் எண்டதும் உறுதி, நரம்பு மீளும் எண்டதும் நம்பலாம். வலி கூடினா நீங்க க்ரவுனுக்குக் காசு கட்ட முதலே உண்மை தெரிஞ்சிட்டு.

ரெண்டாம் படி, பல்லின்ட முனைகள 1.5 இல இருந்து 2 மில்லிமீட்டர் வரைக்கும் குறைச்சிட்டு மேல் முழுக்க மூடி கொம்பொசிட்டால, அதாவது பல்லு நிற அடைப்பால, கட்டுறது. சும்மா குழிய அடைக்கிற ஃபில்லிங் இல்ல, முனைகள் மேலால மூடுப்படோணும், கேக்கேக்க இத வடிவாச் சொல்லிக் கேளுங்கோ. நெதர்லாந்தில ஒப்டாம் குழு 2008 ல வெளியிட்ட ஏழு வருச ஆய்வில வலி உள்ள வெடிச்ச பல்லுகளுக்குக் கொம்பொசிட் வச்சாங்க. முனைய மூடாமச் செய்ததில வருசத்துக்கு 6 வீதம் அளவில தோல்வி, மூடிச் செய்ததில ஒண்டும் தோல்வி இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா எங்கட ஊர்க் காசுக்கு ஏத்த வைத்தியம் இதுதான் எண்டு நான் மனசார நம்புறன். ஒரே இருப்பில முடியும், லாப் செலவு இல்ல.

மூண்டாம் படி க்ரவுன், காசு சேந்த பிறகு. பின் பல்லுக்குச் சிர்கோனியா எண்ட வெள்ளை க்ரவுன்தான் வேணும் எண்டில்ல. முழு உலோக க்ரவுன் விலை குறைவு, உறுதி, பல்லையும் குறைவாத்தான் தேய்ப்பம். நிறம் பிடிக்காட்டி வேற விசயம், ஆனா கீழ்க் கொடுப்புப் பல்ல யாரும் எட்டிப் பாக்கப் போறதில்ல.

சாம்பல்தீவு அக்கா, கோவிக்காதேங்கோ, ரெண்டு விசயம் சொல்லோணும். பல்லு நரம்பு வலிக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019 ல வெளியிட்ட வழிகாட்டலும் இதையேதான் சொல்லுது. முகம் வீங்கி காய்ச்சலும் இருந்தா அது வேற, அப்பவும் டொக்டர் எழுதித்தான் எடுக்கோணும். கராம்பு எண்ணெய் கொஞ்சம் மரக்கப் பண்ணும், உண்மை, ஆனா முரசில பட்டா புண்ணாக்கும், அதோட கொம்பொசிட் இறுகிறதையும் கெடுக்கும், அதால ஃபில்லிங் செய்யப் போற பல்லில வைக்க வேண்டாம். உப்புத் தண்ணி நல்லது. வலிக்கு பனடோல் 500 மில்லிகிராம் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகக் கூடாது. இபுப்ரொஃபன் இன்னும் நல்லாக் கேக்கும், ஆனா சாப்பிட்டிட்டு எடுக்கோணும், அல்சர், ஆஸ்மா, கிட்னி வருத்தம், கர்ப்பம் எண்டா வேண்டாம். இப்ப மாரி காலம், டெங்குக் காலம், காய்ச்சல் இருந்தா இபுப்ரொஃபன், அஸ்பிரின் ரெண்டையும் தொடவே கூடாது.

தாடைக்குக் கீழ வீக்கம், வாய் திறக்கக் கஷ்டம், விழுங்கக் கஷ்டம், காய்ச்சல், இதில எது வந்தாலும் நம்பர் எடுத்துக் காத்திருக்கிற விசயம் இல்ல, நேர அவசர சிகிச்சைக்குப் போங்கோ, 1990 க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும்.

உப்புவெளி ராசன்:
டொக்டர், நல்ல விளக்கம், நன்றி. ஆனா ஒரு கேள்வி, மரியாதையோடதான் கேக்கிறன். பட்டிக்கு ஒரு காசு, கொம்பொசிட்டுக்கு ஒரு காசு, பிறகு க்ரவுனுக்கு ஒரு காசு, கடைசியா வெடிப்பு கூடி கழட்டினா எல்லாமே தண்டம் தானே? ஏழை வீட்டுக் காசுக்கு உத்தரவாதம் ஒண்டும் இல்லாத வேலை இது. கழட்டினா ஒரே செலவோட முடியுது.

வெள்ளைமணல்:
ராசன் அண்ணா, நியாயமான கேள்வி. உத்தரவாதம் இல்லத்தான், வெடிச்ச பல்லு எலும்பு மாதிரி திரும்பப் பொருந்தாது, நாங்க செய்யிறது வெடிப்பு ஓடாமப் பிடிச்சு வைக்கிறது மட்டும்தான். அதாலதான் நான் படிப்படியா எண்டு சொன்னது, ஒவ்வொரு படியிலயும் நிப்பாட்டிட்டு யோசிக்கலாம், ஒரேயடியா 65,000 போட்டிட்டு முழிக்கத் தேவையில்ல. ரூட் கனால் செய்த வெடிச்ச பல்லுகளிலயே சிங்கப்பூரில 2006 ல வந்த ஆய்வில ரெண்டு வருசத்தில 85.5 வீதம் வாயில இருந்தது. நரம்பு நல்லா இருக்கிற பல்லு அத விட நல்ல நிலை.

ஆனா கழட்டினா ஒரே செலவோட முடியுது எண்டத நான் ஒத்துக்கொள்ள மாட்டன். 28 வயசில முதலாவது கொடுப்புப் பல்லு போனா பின்னால உள்ளது முன்னுக்குச் சரியும், மேல் பல்லு மெல்ல மெல்லக் கீழ இறங்கும், சாப்பாடு இறுகி பக்கத்துப் பல்லுக்குச் சூத்தை வரும், மற்றப் பக்கமே சப்பிச் சப்பி அந்தப் பக்கமும் தேயும். எல்லாருக்கும் கட்டாயம் நடக்கும் எண்டில்ல, ஆனா நடக்கிற ஆக்கள நான் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறன். அந்த இடத்த நிரப்பப் போனா கழட்டிப் போடுற பல்லு மலிவு, ஆனா பின் பக்கத்தில ஒரு பல்லுக்காக அத யாரும் ஒழுங்காப் போடுறதில்ல. பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பல்லுகளில பிடிச்சுக் கட்டுற பல்லு எண்டா, ரெண்டு நல்ல பல்லத் தேய்க்கோணும். எலும்புக்குள்ள திருகி வைக்கிற இம்ப்ளான்ட் எண்டா லட்சக்கணக்கு.

அதே நேரம் இது கடைசிப் பல்லா இருந்திருந்தா நானும் உங்களோட சேந்துதான் நிண்டிருப்பன். பின் பல்லு கொஞ்சம் இல்லாட்டியும் முன்னால உள்ளது ஒழுங்கா இருந்தா சாப்பாட்டுக்குப் போதும் எண்டு கைசர் எண்டவர் 1981 லயே எழுதி இருக்கிறார், அந்தக் கொள்கைய உலகம் முழுக்க ஏத்துக்கொண்டிருக்கு. காசு இல்லாத இடத்தில கடைசிப் பல்லக் கழட்டிட்டு சும்மா விடுறது மோசமான வைத்தியம் இல்ல, அதுக்காக யாரும் வெக்கப்படவும் தேவையில்ல.

கண்டி ரோட்டு:
பேராதனையில படிக்கிறன், பல் இல்ல, வேற பீடம். பேராதனை பல் போதனா வைத்தியசாலைய ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல எண்டு எழுதுறன். பல் மருத்துவப் பீடத்தோட சேந்தது, மாணவர்கள் விரிவுரையாளர்களின்ட மேற்பார்வையில செய்வாங்க, மேல்படிப்புப் படிக்கிற டொக்டர்மாரும் இருக்கிறாங்க. ஒவ்வொரு கட்டத்திலயும் பெரிய டொக்டர் வந்து பாத்து சரி எண்ட பிறகுதான் அடுத்தது, அதால நேரம் எடுக்கும், ஒரே நாளில முடியிற வேலை இல்ல. என்ட அறைத் தோழன் அங்கதான் பல்லுக் காட்டினவன், வேலை சுத்தம் எண்டு சொன்னவன். கொழும்பு எண்டா வோர்ட் பிளேஸில தேசிய பல் வைத்தியசாலை இருக்கு.

ஆனா அக்கா, திருமலையில இருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை எண்டு பஸ்ஸில வந்து இறங்கவே கிட்டத்தட்ட ஒரு நாள் போயிரும். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, சாப்பாடு, கடையில லீவு, சம்பள வெட்டு எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கோ. ரூட் கனால் மாதிரி பல தடவை வரவேண்டிய வேலை எண்டா இலவசம் எண்டு நினைச்சது அப்பிடி இருக்காது. கண்டியில தங்கிறதுக்குச் சொந்தக்காரர் இருந்தா நல்ல வழி.

ஹாபர் காத்து:
முதல்ல பக்கத்தில உள்ளதப் பாப்பம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை பல் பிரிவுக்குக் காலையிலயே போய் நம்பர் எடுங்கோ. கழட்டத்தான் அங்க எண்டு சனம் நினைக்குது, அது சரியில்ல, ஃபில்லிங்கும் செய்வாங்க, பாத்திட்டு நிலைமைய நேர்மையாச் சொல்லவும் செய்வாங்க, ஏனெண்டா அவங்களுக்கு உங்கட பல்லால ஒரு லாபமும் இல்ல. தேவை எண்டா ரெஸ்டோரேட்டிவ் பிரிவு (பல்லத் திருத்திக் கட்டுற பிரிவு) உள்ள ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கோ. க்ரவுன் லாப் வேலை எண்டதால அத மட்டும் வெளியில செய்ய வேண்டி வரலாம்.

தனியார் எண்டா விலைய மொத்தமாக் கேக்காம பிரிச்சுக் கேளுங்கோ. ஃபில்லிங் கழட்டிப் பாக்க எவ்வளவு, பட்டிக்கு எவ்வளவு, முனை மூடின கொம்பொசிட் எவ்வளவு, உலோக க்ரவுன் எவ்வளவு, தவணையாக் கட்டலாமா. இப்பிடி வடிவாக் கேட்டா ஒரு டொக்டரும் கோவிக்க மாட்டார். மலிவு எண்டு பட்டம் இல்லாத ஆக்களிட்ட மட்டும் போக வேண்டாம், பல் வைத்தியரும் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சிருக்கோணும், பேரக் குடுத்து அவங்கட இணையத்தளத்திலயே பாக்கலாம்.

கிண்ணியா நானா:
ஹாபர் காத்து சொன்னதுக்கு மேல ஒண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகக்குள்ள அந்தத் தனியார் எக்ஸ்ரேயையும் கொண்டு போங்க, காசு குடுத்து எடுத்தது தானே, கேட்டா தருவாங்க. ஃபோனில ஃபோட்டோ எடுத்து வச்சாலும் சரி. அதுவரைக்கும் மற்றப் பக்கத்தால சாப்பிடுங்க தங்கச்சி, கச்சான், முறுக்கு, பொரிச்ச கருவாடு எல்லாம் கொஞ்ச நாளைக்கு மறந்திருங்க.

பாலையூற்றுப் பிள்ளை:
எல்லாருக்கும் முதல்ல நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீங்க எண்டு நினைக்கவே இல்ல.

பெரியாஸ்பத்திரிக்குப் போனன். அங்க இருந்த டொக்டர் அம்மா நல்ல ஆறுதலா, குச்சி வச்சு ஒவ்வொரு முனையாக் கடிக்கச் சொன்னா, உள் பக்கம் பின் முனையில வைக்கேக்க மட்டும் நான் துள்ளிட்டன். லைட் அடிச்சும் பாத்தா. முரசச் சுத்தி அளந்து ஆழம் ஒண்டும் இல்ல எண்டா. குளிர் வச்சா மற்றப் பல்ல விடக் கொஞ்சம் கூடுதலாக் கூசினது, உடன நிண்டது. இப்ப ரூட் கனால் தேவையில்ல, பல்லக் கழட்டவும் தேவையில்ல, முனைய மூடோணும் எண்டு வெள்ளைமணல் டொக்டர் சொன்ன அதே கதைதான். வெடிப்பு எங்க இருக்கு எண்டும் கடிதத்தில எழுதித் தந்தா.

அந்தக் கடிதத்தோட தனியார் டொக்டர் ஒருத்தரிட்ட போய், என்னட்ட இவ்வளவுதான் இருக்கு எண்டு சொல்லி விலையப் பிரிச்சுக் கேட்டன். பழைய வெள்ளியக் கழட்டினதும் கோடு தெரிஞ்சது, கண்ணாடி பிடிச்சு எனக்கும் காட்டினார், பின் பக்கத்தில இருந்து நடு வரைக்கும் வருது, அடி வரைக்கும் போகேல்ல எண்டார். தற்காலிகமா அடைச்சுப் பட்டி ஒட்டினதுக்கு 4,000. அடுத்த நாளே குத்து குறைஞ்சிட்டு, பிறகு மெல்ல மெல்ல முழுசா நிண்டிட்டு. போன கிழமை பட்டியக் கழட்டிட்டு முனை எல்லாம் மூடி கொம்பொசிட் வச்சார், 13,500. மொத்தம் 17,500. உலோக க்ரவுன் 18,000 எண்டு சொன்னார், அவசரம் இல்ல, ஆறு மாசம் பாத்திட்டுச் செய்யலாம், அதுக்குள்ள சூட்டுக்கு வலிச்சாலோ இரவில வலி வந்தாலோ உடன வரச் சொன்னார். சீட்டுக் காசில அத ஒதுக்கி வைக்கிறன். நகை பெட்டிக்குள்ளயே இருக்கு, அம்மாவுக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

ஒரு கேள்வி மட்டும், நான் நித்திரையில பல்லு நறநறப்பன் எண்டு தம்பி சொல்றவன். அதால இது திரும்ப வெடிக்குமா?

வெள்ளைமணல்:
நல்ல செய்தி பிள்ளை. அந்த ஆஸ்பத்திரி டொக்டர் முழுசாச் சோதிச்சதுக்கு நீங்க கட்டாயம் நன்றி சொல்லோணும்.

நறநறப்பு முக்கியம், இத முதலே கேட்டிருந்தாலும் இதே வைத்தியம்தான், ஆனா இப்ப கட்டாயம் கவனிக்கோணும். நித்திரையில கடிக்கிற பலம் சாப்பிடேக்க கடிக்கிறத விட நிறையக் கூட வரலாம், வெடிச்ச பல்லுக்கு அது கூடாது. அளவெடுத்துச் செய்யிற கடினமான நைட் கார்ட் (நித்திரைக்குப் பல்லில மாட்டுற உறை) நல்லது, க்ரவுனுக்கு முதல் அதச் செய்யிறது கூட நியாயம், டொக்டரிட்ட கேளுங்கோ. கடையில விக்கிற மெத்தெண்ட றப்பர் துண்டு வேண்டாம், சில பேருக்கு அதால கடி இன்னும் கூடும். பகலில மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டாம இருக்கோணும், சாப்பிடாத நேரம் உதடு மூடி பல்லு விலகி இருக்கிறதுதான் சாதாரண நிலை, கடையில வேலை செய்யேக்க அப்பப்ப கவனிச்சுப் பாருங்கோ.

உப்புவெளி ராசன்:
தங்கச்சி, சந்தோசம். 17,500 க்கு சொந்தப் பல்லு நிக்குது எண்டா நான் இனி ஆக்களுக்குக் கழட்டச் சொல்ல முதல் ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லிச் சொல்லுவன். பட்டி ஒட்டுறது எண்டு ஒண்டு இருக்கிறதே இண்டைக்குத்தான் தெரியும்.

சாம்பல்தீவு அக்கா:
டொக்டர், கோவம் ஒண்டும் இல்ல, அமொக்சிசிலின் கதைய வீட்டிலயும் சொல்லிட்டன். எங்கட அப்பாவுக்கும் ஒண்டு கேக்கிறன். 67 வயசு, வெத்திலை விடவே மாட்டார், கொட்டைப்பாக்குத்தான். பல்லெல்லாம் தேஞ்சு தட்டையாப் போச்சு, இப்ப இடது பக்கம் ஒரு பல்லில கோடு விழுந்து கறுத்துப் போய் இருக்கு, வலி இல்ல எண்டுறார். விடலாமா?

வெள்ளைமணல்:
அக்கா, கோட்டுக்காக இல்லாட்டியும் அப்பாவக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்கோ. வலி இல்லாத கறுத்த கோடு பெரும்பாலும் வெத்திலைக் கறை ஏறின பழைய எனாமல் கோடாத்தான் இருக்கும், அது பயப்பட வேண்டிய விசயம் இல்ல. எனக்குப் பயம் பாக்குத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 லயே பாக்கு தனிய நிண்டாலும் புற்றுநோய் வரவைக்கும் எண்டு முதலாம் வகையில சேத்திட்டுது, புகையிலை போடேல்ல எண்டு தப்பேலாது. இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில முன்னுக்கு நிக்கிறது வாய்ப் புற்றுநோய். கன்னத்தின்ட உள் பக்கத்தில வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண், வாய் முந்தின மாதிரித் திறக்கேலாம இறுகிறது, உறைப்பு பட்டா எரியிறது, இதில ஒண்டு இருக்கா எண்டு இண்டைக்கே டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. இல்லாட்டியும் ஒருக்கா காட்டுங்கோ, அரசாங்க ஆஸ்பத்திரி எண்டா செலவில்ல. போகேக்க அவர் குடிக்கிற மருந்து எழுதின துண்டையும், கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ. இரத்தம் இளக்கிற குளிசை எடுத்தா பல்லில கை வைக்க முதலே சொல்லோணும், நீங்களா அத நிப்பாட்டிட்டுப் போக வேண்டாம்.

சாம்பல்தீவு அக்கா:
சரி டொக்டர். திங்கள் காலமை கூட்டிட்டுப் போறன்.